கேமரா எவ்வளவு பார்க்கும்?

ரோபோவின் கேமராவுக்கு முன்னால் விரிந்து கிடக்கும் உலகத்தில் எவ்வளவு படத்துக்குள் வரும் என்பதைச் சொல்லும் எண்ணுக்குப் பார்வைக்கோணம் என்று பெயர். லென்ஸின் மையத்திலிருந்து காட்சியின் இடது ஓரத்துக்கு ஒரு கோடும் வலது ஓரத்துக்கு ஒரு கோடும் இழுத்தால், இரண்டுக்கும் இடையே விரிவது கிடைமட்டப் பார்வைக்கோணம். மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் இழுத்தால் கிடைப்பது செங்குத்துப் பார்வைக்கோணம். மூலைக்கு மூலை இழுத்தால் மூலைவிட்டப் பார்வைக்கோணம். ஒரே கேமராவுக்கு இந்த மூன்றும் வேறு வேறு எண்கள். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு போடும் கணக்கு முழுவதும் தவறாகிவிடும்.

கணக்கு எளிமையானது. பள்ளியில் அட்டைப்பெட்டியில் செய்யும் ஊசித்துளைக் கேமராவை நினைத்துக்கொண்டால் போதும். துளைக்குப் பின்னால், பெட்டிக்குள், ஒரு சின்ன முக்கோணம். துளைக்கு முன்னால், வெளியுலகத்தில், அதே வடிவத்தில் ஒரு பெரிய முக்கோணம். இரண்டும் துளையில் முனையோடு முனை தொட்டு நிற்கின்றன. சின்ன முக்கோணத்தின் அடி, ஒளியை வாங்கும் சென்சாரின் அகலம். அதன் உயரம், லென்ஸின் குவியத் தொலைவு. பெரிய முக்கோணத்தின் அடி, தெரியும் காட்சியின் அகலம். அதன் உயரம், காட்சி இருக்கும் தொலைவு. வடிவொத்த முக்கோணங்கள் என்பதால் விகிதங்கள் சமம்: காட்சியின் அகலத்தைத் தொலைவால் வகுத்தால் வருவதும், சென்சாரின் அகலத்தைக் குவியத் தொலைவால் வகுத்தால் வருவதும் ஒன்றே. சென்சார் அகலத்தில் பாதியைக் குவியத் தொலைவால் வகுத்து, எந்தக் கோணத்துக்கு அது டேன்ஜென்ட் மதிப்பாக வரும் என்று பார்த்து, இரண்டால் பெருக்கினால் பார்வைக்கோணம் பாகையில் வந்துவிடும்.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் மின்னணுப் பொருள் வாங்கி ரோபோ செய்யும் மாணவர்களுக்கு நன்கு பழக்கமான ராஸ்பெரி பை கேமராவின் இரண்டாம் பதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அதில் உள்ள சோனி ஐஎம்எக்ஸ்219 சென்சார் 3.68 மி.மீ. அகலம், 2.76 மி.மீ. உயரம். குவியத் தொலைவு 3.04 மி.மீ. கிடைமட்டப் பார்வைக்கோணம் 62.2 பாகை, செங்குத்துப் பார்வைக்கோணம் 48.8 பாகை என்று தயாரிப்பாளரே கொடுக்கிறார். கையால் கணக்கிட்டாலும் அதே அளவுதான் வருகிறது.

பாகையைவிட மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது வேறொரு எண். 3.68-ஐ 3.04-ஆல் வகுத்தால் 1.21. இந்தக் கேமரா ஒரு மீட்டர் தள்ளி 1.21 மீட்டர் அகலத்தைப் பார்க்கும்; பத்து மீட்டர் தள்ளி 12.1 மீட்டர். உயரத்துக்கு அந்தப் பெருக்கெண் 0.91. ரோபோவோடு களத்தில் நிற்பவருக்கு டேன்ஜென்ட் அட்டவணை வேண்டாம், ஒரு பெருக்கல் போதும். கேமரா வாங்கிய அன்றே அதன் பெட்டியில் இந்த இரண்டு பெருக்கெண்களையும் எழுதி ஒட்டிவைப்பது நல்ல பழக்கம்.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் ஏறக்குறைய 37 மீட்டர் உயரம். தரையில் ஓடும் ஒரு சின்ன ரோபோ அதை ஒரே படத்தில் அடக்க வேண்டுமானால் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்? 37-ஐ 0.91-ஆல் வகுத்து, 41 மீட்டர் என்று சொல்லத் தோன்றும். அது தப்பு. அந்த விடை, கேமரா கோபுரத்தின் பாதி உயரத்தில் மிதந்தால்தான் பொருந்தும், ட்ரோனுக்குச் சரி. தரையில் இருக்கும் கேமரா நேர்கிடையாகப் பார்த்தால் படத்தின் கீழ்ப்பாதி முழுக்க வீதியின் தரைதான். கோபுரத்துக்குக் கிடைப்பது மேல்பாதி மட்டும், அதாவது 24.4 பாகை. அப்போது 81 மீட்டர் பின்வாங்க வேண்டும். கேமராவைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டு நீண்ட பக்கத்தை மேல்கீழாக்கினால் 61 மீட்டர் போதும். வழக்கமான நிலையிலேயே வைத்து 24.4 பாகை அண்ணாந்து பார்க்கும்படி சாய்த்தால், பார்வையின் கீழ் ஓரம் தரையோடு தரையாகவும் மேல் ஓரம் 48.8 பாகை உயரத்திலும் நிற்கும். 33 மீட்டரில் கோபுரம் முழுதும் வந்துவிடும். அந்தப் படத்தில் கோபுரம் உச்சியை நோக்கி இயல்பைவிட அதிகமாகக் குறுகித் தெரியும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. ஒரே கேமரா, ஒரே கோபுரம். கேமராவை வைக்கும் விதம் மட்டும் மாறி, தொலைவு 33-க்கும் 81-க்கும் இடையே அலைகிறது.

தயாரிப்பாளர் தரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது மூலைவிட்டம். லாஜிடெக் சி920 வெப்கேமின் பார்வைக்கோணம் 78 பாகை என்று போட்டிருக்கும். அது மூலைக்கு மூலை எடுத்த அளவு. 16-க்கு 9 என்ற படவிகிதத்தில் பிரித்துப் பார்த்தால் கிடைமட்டம் 70 பாகை, செங்குத்து 43 பாகைதான். பிரிக்கும்போது பாகைகளை விகிதப்படி பிரிக்கக் கூடாது. பாதிக்கோணத்தின் டேன்ஜென்ட்டைப் பிரித்து, பிறகு கோணமாக மாற்ற வேண்டும்.

இரண்டாவது பொறி இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அது மென்பொருளுக்குள் இருக்கிறது. ஐஎம்எக்ஸ்219 சென்சாரில் அகலவாக்கில் 3280 பிக்சல்கள். 1920-க்கு 1080 காணொளி கேட்டால் பல அமைப்புகளில் சென்சாரின் நடுவிலிருந்து 1920 பிக்சல் மட்டும் வெட்டி எடுக்கப்படும். ஒவ்வொரு பிக்சலும் 1.12 மைக்ரான்; எனவே பயன்படும் அகலம் 2.15 மி.மீ.தான். 62 பாகைக் கேமரா 39 பாகைக் கேமராவாகச் சுருங்கிவிடுகிறது. படம் தெளிவாகவே இருக்கும், பிழைச்செய்தி எதுவும் வராது. ரோபோ மட்டும் பக்கத்தில் இருக்கும் தூணைப் பார்க்காமல் போய் இடிக்கும்.

ஆகவே அளந்து பார்ப்பதே உத்தமம். ஒரு சுவருக்கு நேர் எதிரே கேமராவை வைத்து, படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் சுவரில் எங்கே விழுகின்றன என்று குறித்து, இடைவெளியை டேப்பால் அளக்கலாம். சுவருக்கும் கேமராவுக்கும் உள்ள தொலைவை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் சிக்கல்: லென்ஸின் முகப்பிலிருந்தா, சென்சாரிலிருந்தா? கதிர்கள் சந்திக்கும் புள்ளி கேமராவுக்குள் எங்கேயோ இருக்கிறது. அதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. இதற்கு அழகான ஒரு வழி உண்டு. ஒரு தொலைவில் அகலத்தை அளந்துவிட்டு, கேமராவைச் சரியாக ஒரு மீட்டர் பின்னால் நகர்த்தி மறுபடியும் அளக்க வேண்டும். அகலம் கூடிய அளவை நகர்த்திய தொலைவால் வகுத்தால் பெருக்கெண் நேராக வந்துவிடும். முதல் அளவு 0.66 மீட்டர், இரண்டாவது 1.87 மீட்டர் என்றால் பெருக்கெண் 1.21. கேமராவுக்குள் ஒளிந்திருந்த புள்ளி கணக்கிலிருந்து தானே கழன்றுவிடுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் லென்ஸ் நேர்க்கோட்டை நேர்க்கோடாகவே காட்டும் என்ற நம்பிக்கையில் சொன்னது. விலை குறைந்த அகலக்கோண லென்ஸ்கள் அப்படிக் காட்டுவதில்லை. ஜனவரியில் மயிலாப்பூர் விழாவை ஒட்டி வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப்போட்டியை மனக்கண்ணில் கொண்டுவந்தால் இது சட்டென்று விளங்கும். கோலத்துக்கு முதலில் வைக்கும் புள்ளிகள் வரிசை வரிசையாக, சம இடைவெளியில் இருக்கின்றன. அகலக்கோண லென்ஸ் வழியே பார்த்தால் நடுவரிசைகள் நேராகவும் ஓர வரிசைகள் பீப்பாயின் பக்கம்போல வெளியே உப்பியும் தெரியும். எந்தப் புள்ளி எங்கே இருக்க வேண்டும் என்பது முன்பே தெரியுமாதலால், அது விலகியிருக்கும் அளவைக் கொண்டு லென்ஸின் கோணலைக் கணக்கிட்டுத் திருத்திவிடலாம். கேமராவை அளவுதிருத்தும் முறை முழுவதும் இந்த எண்ணத்தின்மேல் நிற்கிறது. 2000-இல் செங்யூ ஜாங் வெளியிட்ட முறையில், தட்டையான ஒரு பலகையில் அச்சிட்ட கட்டங்களையோ புள்ளிகளையோ பல கோணங்களில் படமெடுத்தால், குவியத் தொலைவு, படமையம், கோணல் மூன்றும் ஒன்றாகக் கிடைத்துவிடும். ஓப்பன்சிவி மென்பொருள் நூலகம் சதுரங்கக் கட்டத்தையும் புள்ளி வரிசையையும் ஏற்றுக்கொள்கிறது. கையால் இட்ட கோலப்புள்ளி மில்லிமீட்டர் துல்லியத்துக்குப் போதாது. அச்சிட்ட தாளை வளையாத கண்ணாடிமேல் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

அளவுதிருத்திய கேமரா வெறும் படம் எடுக்கும் கருவி அல்ல, அது கோணமானி. 1802 ஏப்ரலில் தொடங்கி வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து முடித்தபின், இந்தியாவின் பெரும் முக்கோண அளவைக்கு அவருக்குப் பெரும்பாலும் தேவைப்பட்டது தியோடலைட்டால் எடுத்த கோணங்களே. ஒரு நீளமும் போதுமான கோணங்களும் இருந்தால் மீதி நீளங்கள் தாமாக வரும். ரோபோவின் கேமராவும் அப்படித்தான்: ஒவ்வொரு பிக்சலும் ஒரு திசை. அதைத் திசையாக மாற்றத் தேவையானது, குவியத் தொலைவைப் பிக்சலில் சொல்லும் எண். 62.2 பாகைப் படத்தை 640 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால், 320-ஐ 31.1 பாகையின் டேன்ஜென்ட்டால் வகுத்து 530 பிக்சல் என்று பெறலாம்.

இங்கே ஏராளமான நிரல்களில் காணப்படும் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 62.2 பாகையை 640-ஆல் வகுத்து, ஒரு பிக்சலுக்கு இத்தனை பாகை என்று வைத்துக்கொள்வது அந்தப் பிழை. படமையத்திலிருந்து 160 பிக்சல் வலப்பக்கம் ஒரு பந்து தெரிகிறது. வகுத்தல் கணக்கு 15.55 பாகை என்கிறது. சரியான கணக்கில் 160-ஐ 530-ஆல் வகுத்தால் 0.302, அதை டேன்ஜென்ட்டாகக் கொண்ட கோணம் 16.8 பாகை. பத்து மீட்டர் தொலைவில் இந்த வித்தியாசம் சுமார் 23 செ.மீ. பந்தைப் பிடிக்கப் போகும் கை பக்கத்து வெற்றிடத்தைப் பிடிக்கும். படத்தின் நடுவிலுள்ள பிக்சல் அதிகக் கோணத்தையும் ஓரப் பிக்சல் குறைந்த கோணத்தையும் அடக்குகின்றன. சமமாகப் பங்கிட முடியாது.

தரையில் ஓடும் ஊர்திக்குத்தான் பார்வைக்கோணம் முழு வேலையையும் காட்டுகிறது. அடையாறை ஒட்டிய ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில், 2008-இல் தொடங்கிய சென்டர் ஃபார் இன்னொவேஷனில் இயங்கும் மாணவர் அணி டீம் அபியான். அது உருவாக்கிய தானியங்கி ஊர்தி, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஓக்லாண்ட் பல்கலைக்கழகத்தில் நடக்கும் இன்டெலிஜென்ட் கிரவுண்ட் வெஹிக்கிள் காம்பெடிஷனில் பங்கேற்றிருக்கிறது. போட்டியின் அளவுகள் இந்த அத்தியாயத்துக்கென்றே செய்தவை போல இருக்கின்றன: மூன்று அங்குலத் தடிப்பில் வெள்ளைக் கோடுகள், அவற்றுக்கிடையே 10 முதல் 20 அடி வரை அகலமுள்ள பாதை, மணிக்கு 5 மைல் வேக உச்சவரம்பு. ஊர்தி கோடுகளைத் தாண்டாமல், தடைகளில் மோதாமல், மனிதர் உதவியின்றி ஓட வேண்டும்.

கணக்குக்காக, அப்படிப்பட்ட ஊர்தியில் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் அதே ராஸ்பெரி பை கேமரா இருப்பதாகவும், 30 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதாகவும் கொள்ளலாம். செங்குத்துப் பார்வைக்கோணத்தின் பாதி 24.4 பாகை. எனவே பார்வையின் கீழ் ஓரம் தொடுவானத்துக்குக் கீழே 54.4 பாகை, மேல் ஓரம் 5.6 பாகை. உயரத்தை இந்தக் கோணங்களின் டேன்ஜென்ட்டால் வகுத்தால், கீழ் ஓரம் தரையைத் தொடுவது 0.72 மீட்டரில், மேல் ஓரம் தொடுவது 10.2 மீட்டரில். 0.72 மீட்டருக்குள் இருப்பது எதுவும் கேமராவுக்குத் தெரியாது. அது குருட்டுப் பகுதி. மணிக்கு 5 மைல் என்பது விநாடிக்கு 2.2 மீட்டர். தொலைவில் தெரியும் தடையை அடைய நாலரை விநாடி ஆகும். குருட்டுப் பகுதியைக் கடக்க விநாடியில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

பார்வை தரையில் விழும் பரப்பு செவ்வகம் அல்ல, சரிவகம். அருகில் 1.36 மீட்டர் அகலம், தொலைவில் 11.3 மீட்டர் அகலம். பாதையின் இரண்டு கோடுகளும் ஒரே படத்தில் தெரிவது எங்கிருந்து என்பதை இதிலிருந்து சொல்லலாம். 10 அடிப் பாதையானால், நடுவில் ஓடும் ஊர்திக்கு 2.3 மீட்டர் முன்னால் இருந்து. 20 அடிப் பாதையானால் 5.2 மீட்டர் முன்னால் இருந்து. அதற்கு இப்புறம் எந்தக் கோடும் படத்தில் இல்லை. ஊர்தி சற்று முன்பு பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டுதான் ஓட வேண்டும். மூன்று அங்குலக் கோடு 640 பிக்சல் படத்தில் அருகே 36 பிக்சல் தடிமன், பத்து மீட்டர் தொலைவில் வெறும் 4 பிக்சல். வெயிலில் மின்னும் தரையில் நாலு பிக்சலை நம்பித் திருப்பம் எடுப்பது எளிதல்ல.

மேடு பள்ளத்தில் ஊர்தியின் மூக்கு இரண்டு பாகை தூக்கினால் பார்வையின் தொலை எல்லை 10.2-லிருந்து 15.9 மீட்டருக்குத் தாவும். இரண்டு பாகை தாழ்ந்தால் 7.5 மீட்டருக்குச் சுருங்கும். அருகெல்லையோ சில சென்டிமீட்டர் மட்டுமே அசையும். படத்தின் மேற்பகுதியைக் கொண்டு தொலைவு கணிக்கும் எந்த நிரலும், ஊர்தியின் சாய்வை அளக்கும் சென்சார் இல்லாமல் நம்பத்தக்கது அல்ல.

அகலமாகப் பார்க்கும் லென்ஸைப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீருமே என்று தோன்றும். ஐஐடி வளாகத்துப் புள்ளிமானின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்து, திரும்பாமலே சுற்றுப்புறத்தின் பெரும்பகுதியைப் பார்க்கின்றன. ஆபத்து எந்தப் பக்கம் என்று தெரிந்தால் மானுக்குப் போதும். வருவது யார் என்று தெரிய வேண்டியதில்லை. யார் என்று தெரிய வேண்டிய இடத்தில் கணக்கு மாறிவிடுகிறது. தி. நகர் ரங்கநாதன் தெருவின் பண்டிகைக் கூட்டத்தைப் பார்க்கும் கேமராவுக்கு அந்தத் தேவை உண்டு. கண்காணிப்புக் கேமராக்களுக்கான பன்னாட்டுத் தரநிலை ஐஇசி 62676-4-இன் 2014 பதிப்பு, ஆள் இருக்கிறார் என்று அறிய ஒரு மீட்டருக்கு 25 பிக்சல், முன்பின் அறியாதவரை இன்னார் என்று உறுதிசெய்ய 250 பிக்சல் என்று வகுத்திருக்கிறது. 1920 பிக்சல் படத்தில் 250 பிக்சல் அடர்த்தி வேண்டுமானால், 7.7 மீட்டருக்கு மேல் அகலமான காட்சியைப் பார்க்கக் கூடாது. 62 பாகை லென்ஸில் அந்த அகலம் 6.3 மீட்டர் தொலைவிலேயே நிறைந்துவிடும். குவியத் தொலைவை நான்கு மடங்காக்கினால் 25 மீட்டர் வரை முகம் தெரியும். ஆனால் பார்வைக்கோணம் 17 பாகையாகக் குறுகிவிடும். பிக்சல் எண்ணிக்கை மாறாதவரை, அகலத்தில் கொடுத்ததை நுணுக்கத்தில் பறித்துக்கொள்வது தவிர வேறு வழி இல்லை.

180 பாகையை நெருங்கும் மீன்கண் லென்ஸுக்கு இந்த முக்கோணக் கணக்கே பொருந்தாது. பாதிக்கோணம் 90 பாகையானால் டேன்ஜென்ட் எல்லையற்றதாகிவிடும். அதற்கேற்ற சென்சாரை யாராலும் செய்ய முடியாது. அதனால் அத்தகைய லென்ஸ்கள் பல, மையத்திலிருந்து படத்தில் உள்ள தூரம் கோணத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. முன்பு பிழை என்று சொன்ன வகுத்தல் கணக்கு இங்கே மட்டும் சரியாகிறது.

தண்ணீருக்குள் போனால் மறுபடியும் எல்லாம் மாறும். ஐஐடி மெட்ராஸில் பிறந்து 2015 முதல் நீருக்கடி ஆய்வு ரோபோக்களைச் செய்யும் பிளானிஸ் நிறுவனத்தின் துறை இது: துறைமுகத் தூண்கள், பாலங்கள், அணைகள். கேமரா நீர்புகாத உறைக்குள், தட்டையான கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால், நீரிலிருந்து காற்றுக்குள் நுழையும் ஒளி வளைகிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33. பாதிக்கோணத்தின் சைன் மதிப்பை இதனால் வகுக்க வேண்டும். 62 பாகை 46 பாகையாகிறது. ஒரு மீட்டரில் 1.21 மீட்டர் பார்த்த கேமரா சுமார் 85 செ.மீ. மட்டும் பார்க்கும். நீர் கலங்கியிருந்தால் பொருளை நெருங்கித்தான் ஆக வேண்டும். நெருங்கினால் அகலம் இன்னும் குறையும். அரைக்கோளக் கண்ணாடியின் மையத்தில் லென்ஸின் புள்ளி சரியாக அமைந்தால் கதிர்கள் வளையாமல் நுழைந்து, இழந்த கோணம் திரும்பக் கிடைக்கும்.

மனிதரை இறக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு. கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் பாதாளச் சாக்கடைக்குள்ளும் பாதுகாப்புக் கருவிகளின்றி ஆளை இறக்கிச் சுத்தம் செய்விப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பிறகும் உயிர்கள் போய்க்கொண்டிருக்கின்றன. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் குழு மலக்கசடுத் தொட்டிகளுக்கென ஹோமோசெப் ரோபோவை உருவாக்கியது. அதே வளாகத்தில் வளர்ந்த சோலினாஸ் நிறுவனம் குழாய்களுக்குள் ஊர்ந்து ஆராயும் ரோபோக்களைச் செய்கிறது. 300 மி.மீ. விட்டக் குழாயின் நடுவில் 62 பாகைக் கேமரா முன்னோக்கிப் பார்த்தால், சுவர் கண்ணில் படத் தொடங்குவது 25 செ.மீ. முன்னால்தான். 102 பாகை லென்ஸானால் 12 செ.மீ. முன்னால். இரண்டிலும் சுவர் மிகச் சாய்வாகத் தெரியுமாதலால், நீளவாக்கில் ஓடும் கீறலை அளக்க அந்தப் படம் உதவாது. ரோபோ நின்று, கேமராவின் தலையைச் சுவரை நோக்கித் திருப்பிச் சுற்றிவர வேண்டும். குழாயின் நடுவில் சுழலும் கேமராவுக்குச் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே தொலைவு. அங்கே தொலைவு கணக்கில் வருவதில்லை, கோணம் மட்டுமே வருகிறது. 360-ஐ 62.2-ஆல் வகுத்தால் 5.8. ஆறு படங்களில் சுற்று முடிந்துவிடும். ஒரு படத்தின் ஓரமும் அடுத்த படத்தின் ஓரமும் தாராளமாக ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டுமானால், 45 பாகைக்கு ஒன்றாக எட்டுப் படங்கள்.